பாட்டுக்குத் தனி பிளேயர்: காசு எதற்குப் போகிறது, யாருக்குப் பயன்?

2024 ஜனவரி 31-ஆம் தேதியோடு ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி இந்தியாவில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. இப்படி ஒரு செயலி மூடும்போது, அதில் வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல்களும் போகும்; போனில் 'டவுன்லோட்' ஆகிவிட்டது என்று நம்பியிருந்த பாட்டுகளும் கூடவே போகும்.

அதனால் பழைய கேள்வி ஒன்று திரும்பவும் வந்திருக்கிறது: பாட்டுக்கென்று தனியாக ஒரு கையடக்க பிளேயர் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன? தேடிப் பார்த்தால் ஆயிரம் ரூபாய்க்குள்ளும் பிளேயர் இருக்கிறது, ஒரு லட்சத்தைத் தாண்டியும் இருக்கிறது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான் என்பதுபோலத்தான் விவரம் எழுதியிருக்கும். குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

## கோப்பு வேறு, அனுமதி வேறு

பாட்டு நம்மிடம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, கோப்பாக. எம்பி3, ஃப்ளாக் போன்ற வடிவத்தில் மெமரி கார்டிலோ கணினியிலோ கிடக்கும். எந்தக் கருவியில் போட்டாலும் பாடும். நாலு நகல் எடுத்து நாலு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அனுமதியாக. சந்தா செயலிகளில் நடப்பது இது. டவுன்லோட் பொத்தானை அழுத்தியதும் போனுக்குள் ஒரு கோப்பு இறங்குவது உண்மைதான். ஆனால் அது பூட்டிய கோப்பு; சாவி செயலியிடம் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு கருவிக்கு 10,000 பாட்டு வரை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைந்து, சந்தா உயிரோடு இருப்பதைக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் இறக்கியது பாடாது.

இதிலிருந்து வரும் விளைவுகள் மூன்று:

1. சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். பத்து வருடம் கட்டியிருந்தாலும் பதினோராவது வருடம் கையில் ஒன்றும் மிஞ்சாது.

2. சந்தா ஒழுங்காகக் கட்டினாலும் பாட்டு போகலாம். 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்கோடு உரிம உடன்பாடு ஏற்படாமல், அந்த நிறுவனத்தின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து நீங்கின. நிறுவனங்கள் இரண்டும் பேசி முடிக்காததற்குக் கேட்பவர் என்ன செய்வார்?

3. அந்த டவுன்லோடைச் சாதாரண எம்பி3 பிளேயருக்கு மாற்ற முடியாது. பிளேயரை வாங்கி, யூஎஸ்பி கம்பியை மாட்டி, போனுக்குள் பாட்டுக் கோப்புகளைத் தேடும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

பிளேயர் பற்றிய மற்ற கணக்கெல்லாம் இதற்கு அப்புறம்தான். கோப்பு இல்லாதவரிடம் பிளேயர் இருப்பது, அரிசி இல்லாத வீட்டில் குக்கர் இருப்பது மாதிரி.

## உள்ளே என்ன இருக்கிறது?

எந்த பிளேயரைத் திறந்தாலும் ஐந்து பகுதிகள் இருக்கும்: பாட்டைச் சேமிக்கும் நினைவகம், சுருக்கிய கோப்பை விரிக்கும் சில்லு, எண்களை மின் அலையாக மாற்றும் டிஏசி, அந்த அலையை இயர்போனை அசைக்கும் அளவுக்குப் பெருக்கும் ஆம்ப், பிறகு பேட்டரி. விலை ஏறுவது பெரும்பாலும் டிஏசி, ஆம்ப், திரை, வெளிக்கூடு ஆகியவற்றுக்காக. இந்த ஐந்தும் (கம்பி இயர்போன் துளை இல்லாத போனில் சில மாறுதல்களோடு) உங்கள் போனிலும் உண்டு.

1979 ஜூலையில் சோனி முதல் வாக்மேனை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் காதை அடைத்துக்கொண்டு தனியாகக் கேட்பது மரியாதையாக இருக்குமா என்ற தயக்கம் அப்போது இருந்தது! 1998-இல் வந்த டயமண்ட் ரியோ என்ற எம்பி3 பிளேயரில் 32 எம்பி நினைவகம். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பாட்டு பிடிக்கும். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் அதைத் தடுக்க வழக்குப் போட்டுத் தோற்றது. தன்னிடம் இருக்கும் பாட்டைத் தன் வசதிக்காக இன்னொரு கருவிக்கு மாற்றிக்கொள்வது சொந்தப் பயன்பாடுதான் என்ற கருத்து 1999-இல் வந்த அந்தத் தீர்ப்பில் இருந்தது. 2001 அக்டோபரில் 5 ஜிபி வட்டோடு ஐபாட் வந்தது. அப்புறம் போனே எல்லாவற்றையும் விழுங்கியது. ஐபாட் வரிசையில் கடைசியாக மிஞ்சிய டச் மாடலையும் 2022 மே மாதம் ஆப்பிள் நிறுத்திக்கொண்டது.

போன் விழுங்கிய பிறகும் பிளேயர்கள் முழுதாக ஒழியவில்லை. இரண்டு ஓரங்களில் ஒதுங்கி நிற்கின்றன: ஒன்று மலிவு ஓரம், இன்னொன்று ஆடியோ பித்தர்களின் ஓரம். நடுவில் கிட்டத்தட்ட வெற்றிடம். விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

## ஒலித்தரம்: கணக்கும் விளம்பரமும்

விலை உயர்ந்த பிளேயரை விற்பவர்கள் முதலில் பேசுவது ஒலித்தரம். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு சிடியில் ஒலி எப்படிப் பதிவாகிறது? ஒரு நொடியை 44,100 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் உயரத்தையும் 16 பிட் எண்ணாகக் குறிக்கிறார்கள். இடது, வலது என்று இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். சுருக்கமாக 1,411 கேபிபிஎஸ். இந்த முறையில் 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடிக்கலாம். மனிதக் காதுக்கு உச்சவரம்பு 20,000 ஹெர்ட்ஸ் அளவில். வயது ஏற ஏற அது இறங்கும். ஆக, சிடி தரமே காதுக்குப் போதும். 'ஹை-ரெஸ்' (சிடியைவிட உயர்ந்த தரம்) என்று ஒட்டியிருக்கும் தங்க நிற முத்திரைக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனம் வராது.

நான்கு நிமிடப் பாட்டு ஒன்று எவ்வளவு இடம் பிடிக்கும்?

1. சிடியில் இருப்பது போலவே எடுத்தால் சுமார் 42 எம்பி.
2. ஃப்ளாக் ஆக்கினால் தோராயமாக 25 எம்பி. எதையும் தூக்கி எறியாமல் மடித்து வைக்கும் முறை இது. விரித்தால் அசல் அப்படியே வரும்.
3. 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 9.6 எம்பி.
4. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 4 எம்பிக்குச் சற்றுக் குறைவு.

எம்பி3 இவ்வளவு சுருங்கக் காரணம், நம் காதின் ஒரு பலவீனம். தவில் பலமாக விழும் கணத்தில் பக்கத்தில் ஒலிக்கும் தாளத்தின் மெல்லிய முனை நமக்குக் கேட்பதில்லை. கேட்காததை எதற்குச் சேமிக்க வேண்டும் என்று எம்பி3 அதை விட்டுவிடுகிறது. 320-இல் விடுவது குறைவு. ஒழுங்காகச் செய்த 320 எம்பி3-ஐயும் சிடியையும் பெயர் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டால் பெரும்பாலானவர்களால் பிரித்துச் சொல்ல முடியாது. 128-இல் ஜால்ரா, சிம்பல் போன்ற ஓசைகள் கரகரப்பதைக் கவனித்துக் கேட்டால் கண்டுபிடித்துவிடலாம்.

ஒருமுறை விட்டது திரும்ப வராது. 128 எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்றி வைத்திருப்பவர்கள் உண்டு. அது ஆறிய காபியைப் பெரிய டம்ளரில் ஊற்றுவது, டம்ளர்தான் பெரிது. 1950-களின் இசைத்தட்டிலிருந்து எடுத்த பாட்டுக்கும் இதே கதைதான். அசல் தட்டிலேயே இரைச்சல் இருக்கும்போது எந்த டிஏசியும் அதில் இல்லாததைக் கொண்டுவராது.

இனி புளூடூத். கம்பியில்லா இயர்போன் போட்டால் பாட்டு பிளேயரிலிருந்து எண்களாகவே போகிறது. அதை மின் அலையாக மாற்றும் டிஏசியும் பெருக்கும் ஆம்பும் இயர்போனுக்குள் குட்டியாக உட்கார்ந்திருக்கின்றன. அப்படியானால் பிளேயருக்குள் இருக்கும் விலை உயர்ந்த டிஏசி? அது சும்மா இருக்கிறது. போதாததற்கு, பாட்டு காற்றில் போகும் முன் இன்னொரு முறை சுருங்குகிறது. எல்டிஏசி என்ற தாராளமான முறைகூட அதிகபட்சம் 990 கேபிபிஎஸ்தான். ஐம்பதாயிரம் ரூபாய் பிளேயரோடு புளூடூத் இயர்போன் போட்டுக் கேட்பவர், அந்தக் காசில் பெரும்பங்கைத் திரைக்கும் கூட்டுக்கும்தான் கொடுத்திருக்கிறார்.

நல்ல பிளேயர் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும் இடம் ஒன்று உண்டு. 300 ஓம் போன்ற அதிக மின்தடை உள்ள பெரிய ஹெட்போனைக் கம்பியில் மாட்டினால், போன் அதை அசைக்கத் திணறும். பாட்டு சன்னமாக வரும். அங்கே வலுவான ஆம்ப் வேண்டும். அதற்கும் போனின் சார்ஜ் துளையில் மாட்டும் விரல் அளவு டிஏசி கம்பி மலிவாகவே கிடைக்கிறது. அதைக் கேட்டுப் பார்த்து, போதவில்லை என்றால் பிளேயருக்குப் போகலாம்.

## எங்கே லாபம்?

ஒலியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் பிளேயரின் நியாயம் தெளிவாகத் தெரிகிறது.

1. போனின் பேட்டரி மிஞ்சும். சென்னையில் இரவு ஒன்பதரைக்குப் பேருந்து ஏறி மதுரைக்குப் போகிறவருக்கு டிக்கெட் போனில், காசு போனில், காலையில் அழைத்துப் போக வருபவரின் எண்ணும் போனில். விழுப்புரம் தாண்டும்போதே 20 சதவீதம் காட்டினால் பாட்டைத்தான் முதலில் நிறுத்துவார். தனி பிளேயர் இருந்தால் அந்தக் கவலை கிடையாது.

2. இடையூறு கிடையாது. வர்ணம் முடிந்து ஆலாபனை விரிகிற நேரத்தில் கடன் வேண்டுமா என்று எவரும் கூப்பிட முடியாது. படிக்கிற பிள்ளைக்குப் பாட்டு வேண்டும், ஆனால் போன் கூடாது என்று நினைக்கிற வீடுகளுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

3. பொத்தான் உண்டு. பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே அடுத்த பாட்டுக்குப் போகலாம். வயல் வேலையில், சமையலில், நடைப்பயிற்சியில் இதன் அருமை தெரியும்.

4. சிக்னல் வேண்டாம். மலைப்பாதையிலும் பாடும்.

5. முதியவர்களுக்குச் சுலபம். சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த கார்வான் இதைத்தான் பிடித்துக்கொண்டது. 5,000 பழைய பாட்டுகளை முன்கூட்டியே உள்ளே போட்டு, குமிழைத் திருப்பினால் பாடுகிற பெட்டியாகச் செய்தார்கள். தமிழ்ப் பாட்டுகளோடும் வந்தது. சட்டைப்பையில் அடங்காது, ஹெட்போன் ரகமும் இல்லை. ஆனால் கடவுச்சொல், அப்டேட், விளம்பரம் எதுவும் இல்லாத கருவிக்கு இவ்வளவு பேர் காத்திருந்தார்கள் என்பதைக் காட்டியது. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் உரிமை அந்த நிறுவனத்திடம் இருந்ததால்தான் அது சாத்தியமானது என்பதையும் மறக்கக் கூடாது.

## எங்கே சங்கடம்?

இன்னொரு கருவி, இன்னொரு சார்ஜர் என்ற தொல்லையைச் சொல்லவே வேண்டாம். அதைவிடப் பெரிய சங்கடங்கள் வாங்கிய பிறகு வருபவை.

1. தமிழ் எழுத்து. மலிவு பிளேயர்கள் பலவற்றில் தமிழில் பெயரிட்ட பாட்டு கட்டம் கட்டமாகத் தெரியும். சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் கொம்பு இடம் மாறும்: 'கே' என்பது முதலில் க, அப்புறம் தனியாக இரட்டைக் கொம்பு என்று நிற்கும். எழுத்துருவைப் போட்டால் மட்டும் போதாது, எழுத்துகளைக் கோத்துக் காட்டும் மென்பொருளும் வேண்டும். அதை இவற்றில் வைப்பதில்லை. அதனால்தான் பலர் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டி வைக்கிறார்கள். ஒருவர் 'ழ'வுக்கு ஒரு எழுத்துக்கூட்டும் இன்னொருவர் வேறொன்றும் போட, தேடும்போது எதுவும் அகப்படாது.

2. வரிசை. சில பிளேயர்கள் பெயர் வரிசையில் பாடாது. கார்டில் எந்தப் பாட்டு முதலில் ஏறியதோ அதுதான் முதலில். ஒரு கச்சேரியை வர்ணத்திலிருந்து மங்களம் வரை கேட்க நினைத்தால், மங்களத்தில் தொடங்கித் தில்லானாவில் முடியலாம்.

3. கார்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வருகின்றன. பழைய வகை ஃபேட்32 மட்டும் தெரிந்த பிளேயர் அவற்றைப் படிக்காது. போலிக் கார்டு இன்னும் மோசம். மேலே 128 ஜிபி என்று போட்டிருக்கும், உள்ளே 8 ஜிபி இருக்கும். ஏற்றும்போது எல்லாம் ஏறியதாகவே காட்டும். பிறகு ஒருநாள் பாதிப் பாட்டுகள் திறக்காது. வாங்கியதும் கார்டை முழுதாக நிரப்பி, கடைசிக் கோப்பு பாடுகிறதா என்று பார்ப்பது நல்லது.

4. பேட்டரி. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆனபின் சோர்ந்துபோகும். ஒட்டி மூடிய பிளேயரில் அதை மாற்றுவது எளிதல்ல. கழற்றத் தெரிந்த கடை கிடைப்பதும் சிரமம். பழைய ஐபாட்களைத் திறந்து புது பேட்டரி போட்டு, வட்டுக்குப் பதில் மெமரி கார்டு சொருகி ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஆர்வமும் பொறுமையும் வேண்டும்.

5. மென்பொருள். 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 'ஜூன்' (Zune) என்ற 30 ஜிபி பிளேயர்கள் ஒரே நாளில் உறைந்து நின்றன. அது லீப் ஆண்டு. ஆண்டின் 366-ஆவது நாளை என்ன செய்வது என்று கடிகார நிரலுக்குத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. பேட்டரி தீரும்வரை விட்டு, மறுநாள் சார்ஜ் போடுங்கள் என்று சொன்னார்கள். இன்றைய விலை உயர்ந்த பிளேயர்களில் பல ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு பழசானால் சந்தா செயலிகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும். சொந்தக் கோப்பு மட்டும் பாடிக்கொண்டிருக்கும்.

## காதுக்குள் ஒரு கணக்கு

இது போனுக்கும் பொருந்தும். ஆனால் மலிவு பிளேயரில் எச்சரிக்கை எதுவும் வராது என்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி, 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம்; 90 என்றால் 4 மணி நேரம்தான். 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, அதனால் நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது.

பேருந்து இரைச்சலை அமுக்க ஒலியைக் கூட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனை இயர்போன் போட்டால் குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கும். அதே இயர்போனோடு சாலையைக் கடந்தால், தண்டவாளத்தைக் கடந்தால், ஹாரன் கேட்காது. அதுவும் நினைவிருக்கட்டும்.

## கோப்புக்கு எங்கே போவது?

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் கேசட்டில் பதிந்து வைத்திருப்பார்கள். பின்னாளில் அதே வேலையை செல்போன் கடைகள் செய்தன: 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்'. ஆயிரம் பாட்டு அரை மணி நேரத்தில் ஏறும். இரண்டுமே உரிமையாளருக்குக் காசு போகாத வழிகள், சட்டப்படி சரியும் அல்ல. கடையில் ஏற்றியதில் பாதி 128 தரம், பெயருக்குப் பதில் ஏதோ இணையதளத்தின் முகவரி என்பது தனிக் கதை.

நேரான வழிகள் இரண்டு. வீட்டில் கிடக்கும் சிடிகளைக் கணினியில் போட்டு ஃப்ளாக்காகவோ 320 எம்பி3-ஆகவோ எடுத்துக்கொள்வது ஒன்று. ஒரு சிடிக்குச் சில நிமிடங்கள் ஆகும். பெயர்களைச் சரியாகத் தட்டுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். இன்னொன்று, பாட்டைக் கோப்பாகவே விற்கும் இடங்களில் வாங்குவது. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் இணையக் கடை 2012-இல் இந்தியாவுக்கு வந்தது. அங்கே வாங்கும் பாட்டுக்குப் பூட்டு கிடையாது. சுயாதீனக் கலைஞர்களுக்கு பேண்ட்கேம்ப் என்ற இணையதளம் இருக்கிறது. இரண்டு வழியிலும் வேலை உண்டு, சந்தாவின் சௌகரியம் வராது. வாரம் நாலு புதுப்பாட்டு கேட்கிறவருக்கு இது கட்டுப்படியாகாது. ஐந்நூறு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவருக்கு ஒரு மாத வேலை, அவ்வளவுதான்.

## வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

அலமாரியில் கிடக்கும் பழைய போனை எடுங்கள். சிம்மைக் கழற்றி, செயலிகளை நீக்கி, ஏர்பிளேன் மோடில் போட்டு, கார்டில் பாட்டை ஏற்றுங்கள். இது ஒரு முழு பிளேயர். தமிழ் எழுத்தும் ஒழுங்காக வரும். ஒரு மாதம் இதோடு பழகிப் பாருங்கள். மறுபடியும் கை சந்தா செயலிக்கே போனால் காசு மிச்சம். பழகிப்போய், பொத்தான் இருந்தால் தேவலை, இன்னும் சின்னதாக இருந்தால் தேவலை என்று தோன்றினால், கடைக்குப் போகலாம்.

போகும்போது உங்கள் கார்டையும் இயர்போனையும் எடுத்துப் போங்கள். கார்டில் தமிழில் பெயரிட்ட பாட்டு ஒன்று, ஃப்ளாக் கோப்பு ஒன்று, எண் போட்டு வரிசைப்படுத்திய பத்துப் பாட்டு கொண்ட கோப்புறை ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் உபன்யாசமோ பட்டிமன்றமோ ஒன்று இருக்கட்டும். முதல் மூன்றும் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். நாலாவதை நடுவில் நிறுத்தி, பிளேயரை அணைத்து, மறுபடி போடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, முதலிலிருந்து தொடங்குகிறதா? முதலிலிருந்து தொடங்கினால், அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.